தூக்கத்தில் கொடுத்த வாக்கு

பூந்தமல்லியில் ஷாமியானாவும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடும் ஷஃபியுல்லாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, வலியில் மனிதர் புரண்டுகொண்டே கிடக்கிறாரே என்று டாக்டர் கொஞ்ச நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போய்விட்டது. தையலும் ஆறிவிட்டது. மாத்திரை மட்டும் போகவில்லை. மருந்துக்கடை சம்பந்தம் பழைய சினேகிதர், டாக்டர் சீட்டு கேட்கமாட்டார். முதலில் ராத்திரிக்கு மட்டும் என்றிருந்தது, பிறகு அது போதாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் வேண்டும் என்றானது.

மதியம் படுத்தால் மறுநாள் வெயில் ஏறித்தான் எழுவார். அதற்காக நடுவில் அசையாமல் கிடந்தார் என்றும் சொல்ல முடியாது. எழுந்து நடப்பார், சாப்பிடுவார், போனில் பேசுவார், டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்வார். காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் மீன் முள் கிடந்த தட்டைப் பார்த்து, யார் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டது என்று மனைவி ராபியாவிடம் சண்டைக்குப் போனார். வாலை எனக்கு வைத்துவிட்டு நடுத்துண்டு அத்தனையும் தின்றது நீங்கள்தான் என்றாள் அவள். ஷஃபியுல்லா தன் விரல்களை முகர்ந்து பார்த்தார்.

ராபியா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்தும் பார்த்தாள். டாக்டர் கொடுத்ததுதானே, நானென்ன சாராயமா குடிக்கிறேன் என்று அவள் வாயை அடைத்துவிட்டு அவர் புது அட்டை வாங்கி வந்தார்.

ஒரு காலையில் ராபியா குளியலறையில் குத்துக்காலிட்டுப் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஷஃபியுல்லா வாசலில் வந்து நின்று, நேற்று நான் ஏதாவது பேசினேனா என்று மெதுவாகக் கேட்டார். அவளுக்கு வந்த எரிச்சலில் நாக்கு தானாகப் புரண்டது.

"பேசுனீங்க. வாஷிங் மெஷின் வாங்கித் தர்றேன்னு என் தலைல கை வெச்சு சொன்னீங்க."

ஷஃபியுல்லா கஞ்சப்பிரபு. ஆனால் சொன்ன சொல் தவறாதவர் என்று தொழிலில் பெயர் எடுத்தவர். கல்யாண வீட்டுக்கு வாக்குக் கொடுத்தால் மழையோ புயலோ பந்தல் நிற்கும். தலையைச் சொறிந்துகொண்டே போனார். அந்த வாரமே மெஷின் வந்து இறங்கியது. ராபியாவுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் உறுத்தலும் அதோடு சேர்ந்து பிழிபட்டுப் போய்விட்டது.

அடுத்து சமையலறைக்கு டைல்ஸ் வந்தது. அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் இஃபத், அம்மாவின் வித்தையைக் கண்டுபிடித்து, தோழிகளோடு கொடைக்கானல் போக அத்தாவிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கியாகிவிட்டது என்றாள். கடையில் வேலை செய்யும் அஜித்குமாருக்கும் விஷயம் எப்படியோ எட்டியது. ஆடி மாதம் தங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற அண்டாவெல்லாம் வாடகை இல்லாமல் தருவதாக முதலாளி சொன்னாரே என்றான்.

"நானா சொன்னேன்?"

"இன்னா அண்ணாத்தே, நேத்து நீதான சொன்ன? அதுக்குள்ள மறந்துகினு நிக்கிற."

கூழ் ஊற்றியவர்கள் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தார்கள். ஷஃபியுல்லாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மாத்திரை போட்டால் தன் மனசு எவ்வளவு விசாலமாகிவிடுகிறது என்று தானே வியந்துகொண்டார். இனி எதற்கு நிறுத்தவேண்டும்?

ராபியாவின் பெரிய ஆசை இன்னொன்று. மாங்காட்டில் இருக்கும் அவள் தம்பி சர்ஃபராஸும் அதே வாடகைத் தொழில்தான். ஒரு நிக்காஹ்வில் மழை பெய்து மாப்பிள்ளையின் தலையில் சொட்டியபோது, மச்சானின் ஷாமியானா சல்லடை என்று அவன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ராபியா கணவரிடம், நேற்று நீங்கள் சர்ஃபராஸை நினைத்து அழுதீர்கள், விருந்துக்குக் கூப்பிடச் சொன்னீர்கள் என்றாள். தம்பியிடமும் போனில் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள். சர்ஃபராஸ் உண்மையாகவே அழுதான். அதைப் பார்த்து ஷஃபியுல்லாவும் அழுதார். இதற்கு அல்லாஹ் என்னைத் தண்டிக்கமாட்டான் என்று ராபியா முடிவு செய்துகொண்டாள்.

சமாதானம் ஆனபின் அவள் தம்பி வீட்டுக்கு அடிக்கடி போய்வர ஆரம்பித்தாள். அப்படிப் போய் இரவு தங்கிவிட்டு வந்த ஒரு காலையில், கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வீட்டிலிருந்து பார்த்தபோது கீழே கடைக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளானூரிலிருந்து. மகள் வரவேற்புக்குப் பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரங்களான தேக்சாக்களை எடுத்துப்போக ஜெயராமன் வந்திருந்தார். இன்னொன்று அண்ணனூரிலிருந்து. தங்கை கல்யாணத்துக்கு அதே தேக்சாக்களைக் கேட்டு ஜஸ்டின் என்ற இளைஞன் நின்றான்.

ஜெயராமனின் ஆர்டர் ஷஃபியுல்லாவுக்குத் தெரியும். ஜஸ்டினைப் பார்த்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. ராபியா டீ எடுத்துக்கொண்டு இறங்கி வரும்போது ஜஸ்டின் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், நேத்து சாயங்காலம் நான் போன் பண்ணதும் நீங்களே குட்டியானை லோடு வண்டிய ஓட்டிகினு எங்க ஊட்டாண்ட வந்து எடத்த பாத்தீங்க. கை குடுத்தீங்க. திரும்பி போறப்போ ரயில்வே கேட்டுல, தண்டவாளத்து மேலயே வண்டிய நிறுத்திட்டு ஸ்டியரிங்ல தலைய சாச்சிட்டீங்க. கேட்டு போட மணி அடிக்கிறான். நாங்க நாலு பேர் சேந்து தள்ளுனோம். குடிச்சிட்டாருன்னு நெனச்சி நான்தான் ஓட்டியாந்து உங்கள இங்க வுட்டேன்."

ஷஃபியுல்லா வழக்கம்போல் தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியா, சொன்னேனா என்று சிரித்தபடி ராபியாவைப் பார்த்தார். அவள் டீத்தட்டோடு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இது நான் வுட்ட கதை இல்ல. இது நெசமாவே நீங்க பண்ணது."

"அப்போ வாஷிங் மெஷின்?"

"அது நான்."

"சர்ஃபராஸ்?"

"அதுவும் நான்தான்."

"கூழ்?"

"அது அவன்" என்றாள் ராபியா. அஜித்குமார் ஒரு அண்டாவுக்குப் பின்னால் போய்விட்டான்.

ஷஃபியுல்லாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ராபியாவுக்குத் தோன்றியது. அவர் வண்டிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். தண்டவாளம், மணிச்சத்தம், நாலு பேர், எதுவுமே அவருக்குள் இல்லை. தன்னைப் பற்றி ஊரே பொய் சொன்னதைத் தாங்க முடிந்தது. இந்த ஒரு நிஜத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணங்கள் நிற்கவில்லை. சர்ஃபராஸ் மாங்காட்டிலிருந்து தன் தேக்சாக்களை அண்ணனூருக்கு அனுப்பிவைத்தான், மச்சான் பெயரிலேயே. சாயங்காலம் ராபியா சம்பந்தத்தின் கடைக்குப் போய், இனி சீட்டில்லாமல் மாத்திரை கொடுத்தால் என் கணவரை இங்கேயே படுக்கவைத்துவிட்டுப் போவேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ராபியா அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் சத்தம் போடவில்லை. ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்துதான், நான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், மாத்திரை வீட்டம்மா கையில் இருக்கட்டும், வண்டியைத் தொடக்கூடாது என்றார். அந்த வாரங்கள் கொடுமையாக இருந்தன. ஷஃபியுல்லாவுக்கு வேர்த்தது, நடுங்கியது, கரண்டி விழுந்தால் எரிந்து விழுந்தார். தூக்கம் வராததால் பேசினார். மெஷின், டைல்ஸ், கொடைக்கானல் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கு விசாரணை நடந்தது. ராபியா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். எதையும் திருப்பித் தரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்கு வந்தவர் சுருட்டி வைத்திருந்த ஷாமியானாவின் மேல் சாய்ந்தார். அஜித்குமார் பதறிப்போய் மாடிக்குக் குரல் கொடுத்தான். ராபியா ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணைத் திறந்தவரிடம், இன்று என்ன கிழமை, நான் யார் என்று கேட்டாள்.

"வெள்ளிக்கெழம. நீ ராபியா. சர்ஃபராஸோட அக்கா, அதான் என் தலையெழுத்து. சும்மா கண்ண மூடுனேன், அதுக்கும் வுட மாட்டியா?"

ராபியா, நகர்ந்து படுங்கள் என்று சொல்லி, தானும் அந்தத் துணி மேலேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டு டீ வாங்கிவர அஜித்குமாரை அனுப்பினாள்.