மாண்டலின் வரிசையில் ஓர் இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல. லோட்டா என்ற சுரங்க ஊரில், எங்கள் மேட்டுத் தெரு பெந்தெகொஸ்தே சபையில், சிறுவயதில் விளையாடிய வாள் விளையாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அந்த நாட்களை நினைத்துக் கொஞ்சம் அழுதுவிட்டுப் படுக்கலாம் என்றிருந்தேன். அப்போது, சபையில் மாண்டலின் வாசித்த சுனில்டா அம்மாள் இறந்த செய்தி வந்தது. அவருடைய மகன் எலிசேயோ ஊருக்கு வந்திருக்கிறான், அவன் கையில் மாண்டலினைக் கொடுக்கலாமா கூடாதா என்று சபையே கூடிப் பேசியது என்றும் சொன்னார்கள். என்னுடைய இரண்டு பக்கம் அதோடு கெட்டது.

சொன்னவள் நோயெமி, எங்கள் பாஸ்டரின் மனைவி. ஆகவே கதை அவள் பக்கத்தில் நின்றுதான் நடக்கும்.

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

'எலிசேயோ பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மழை...' (லோட்டாவில் மழை பெய்வது ஒரு செய்தியா? அடித்துவிட்டேன்.)

'ஆணை நேசிக்கும் ஆணைப் பற்றி வேதம் சொல்வது என்னவென்றால்...' (இது கட்டுரை. இரண்டு கட்சிக்காரர்களும் இதற்கு வண்டி வண்டியாகப் புத்தகம் போட்டாயிற்று. என்னிடம் இருப்பது ஒரு சாவு வீடு.)

'சனிக்கிழமை தோறும்...' (இருக்கட்டும்.)

2

சனிக்கிழமை தோறும் ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். வேதம் ஆவியின் வாள் அல்லவா, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். "வாளை உருவு!" என்றால் தலைக்கு மேலே தூக்க வேண்டும். நடுவர் அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்லி "தாக்கு!" என்றதும் புரட்ட வேண்டும். முதலில் கண்டுபிடித்தவர் ஓரடி முன்னே வந்து அந்த ஒரு வசனத்தை வாசித்து நிறுத்த வேண்டும். அடுத்த வசனத்துக்குள் ஒரு சொல் நுழைந்தாலும் புள்ளி போச்சு.

நோயெமியின் விரலுக்குக் கண் உண்டு என்பார்கள். அவளை அபூர்வமாக முந்துகிறவன் எலிசேயோ ஒருவன்தான், முந்தியும் தோற்பான். வாசிக்க ஆரம்பித்தால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது. ஒருமுறை ரூத் புத்தகத்தில் ஒரு வசனம் கேட்டார்கள். மாமியாரும் மருமகளும் பெத்லெகேம் போய்ச் சேரும்வரை அவன் விடவில்லை.

"டேய், நிறுத்துடா! புள்ளி போகுது!" என்று நோயெமி கத்தினாள்.

"போனாப் போகுது. ரெண்டு பொம்பளைங்க தனியா வழியில நிக்கிறாங்க, அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியா?"

வாசலில் சுனில்டா அம்மாள் கூடையோடு நிற்பார். பூசணி பிசைந்து பொரித்த சோப்பாய்ப்பில்லா. ஜெயித்தவருக்கு முதல் சூடு. நோயெமி வாங்கி, பிய்த்து, பாதியை எலிசேயோவுக்குக் கொடுப்பாள். உள்ளே பெரியவர்கள் மாண்டலினுக்குச் சுருதி கூட்டுவார்கள். கதையை இங்கேயே முடித்துவிட எனக்குக் கொள்ளை ஆசை.

(முடியாது. எலிசேயோ வளர்ந்தான், மாண்டலின் கற்றான், ரொட்டிக் கடை ரமிரோவை நேசித்தான், அதை மறைக்கவும் மறுத்தான். சபை அவனை ஒழுங்கு நடவடிக்கையில் வைத்தது. கடைசி பெஞ்சு, பாட்டு கிடையாது, சாட்சி கிடையாது, திருவிருந்து கிடையாது. 'மனந்திரும்பும்வரை' என்றார்கள். ஒரு வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ரமிரோவோடு தலைநகர் சாந்தியாகோவுக்குப் பஸ் ஏறிவிட்டான்.)

3

பாஸ்டர் அப்தியாஸ் விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம். முதலில் எழுதியபோது அவருக்கு ஒரு தொப்பையும் தங்கக் கடிகாரமும் கொடுத்திருந்தேன். நீங்கள் சிரமமில்லாமல் வெறுக்கலாமே என்றுதான்.

நோயெமி படித்துவிட்டு, "என் வீட்டுக்காரருக்கு ஏதுய்யா தங்கக் கடிகாரம்? சுரங்கத்துல ஒரு காது செவிடானதுதான் மிச்சம்," என்றாள்.

கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டேன். சுனில்டா அம்மாள் படுக்கையில் கிடந்த மாதங்களில் விறகு பிளந்து அடுப்பு மூட்டிக் கொடுத்ததும் இதே அப்தியாஸ்தான்.* வெறுக்க ஆள் கிடைக்காமல் நானே திண்டாடுகிறேன்.

*ரமிரோ மாதாமாதம் மருந்து அனுப்பினான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அம்மாள் இருவருக்காகவும் ஜெபம் செய்தார்.

4

எங்கள் சபையில் ஒருவர் இறந்தால், பாடகர் குழு நால்வர் நால்வராக வரிசை கட்டி, கிட்டாரும் மாண்டலினும் வாசித்துக்கொண்டு கல்லறைவரை சவப்பெட்டிக்கு முன்னால் நடக்கும். எலிசேயோ கேட்டது அது ஒன்றுதான்.

"அம்மாவுக்கு முன்னாடி வாசிச்சிட்டே நடக்கணும் பாஸ்டர். வேற எதுவும் வேணாம்."

கேட்டுவிட்டு வெளியே போய், கூரைத் தாழ்வாரத்தில் ரமிரோவோடு நின்றுகொண்டான். உள்ளே சபை கூடியது. கிழவர் ஒவிதியோ முதலில் எழுந்தார்.

"இதுல பேச என்ன இருக்கு? லேவியராகமத்துல பளிச்சுனு போட்டிருக்கு."

"அதே லேவியராகமத்துலதான் ரத்தம் சாப்பிடாதேன்னும் போட்டிருக்கு," என்றாள் ஒர்தென்சியா. "தேசிய தினத்தன்னிக்கு என் அடுப்புகிட்ட, ரத்தம் அடைச்ச குடலுக்குத் தட்ட நீட்டிக்கிட்டு நின்னது யாரு பிரதர்?"

"அது பழைய ஏற்பாடு, சிஸ்டர்."

"அப்ப நீங்க சொன்னது எந்த ஏற்பாடு?"

கோவிலுக்குள் வைத்திருந்த பெட்டிக்கு முன்னாலேயே சபை சிரித்துவிட்டது. சுனில்டா அம்மாளும் சிரித்திருப்பார். அப்தியாஸ் சிரிக்கவில்லை.

"லேவியராகமத்த விடுங்க. ரோமர் ஒண்ணு, இருபத்தாறு, இருபத்தேழு..."

அவர் முடிப்பதற்குள் சபை முழுக்கத் தாள் புரளும் சத்தம். பழக்கதோஷம். ஒவிதியோ "கிடைச்சிடுச்சு!" என்று ஓரடி முன்னே வந்தேவிட்டார். அதற்குள் நோயெமி எழுந்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள். ஆணோடு ஆண் சேர்வதைப் பழிக்கும் அந்த இரண்டு வசனத்தையும் தெளிவாக, ஒன்றையும் விழுங்காமல் வாசித்தாள். பிறகு நிறுத்தவில்லை. பொறாமை, வாக்குவாதம், வஞ்சகம் என்று, அந்தக் கடிதத்தை எழுதிய பவுலின் பட்டியல் நீண்டது. புறங்கூறுகிறவர்கள் என்று வந்தபோது இரண்டு மூன்று பெஞ்சுகள் தரையைப் பார்த்தன.

"சிஸ்டர், வசனம் முடிஞ்சிடுச்சு!" என்றார் ஒவிதியோ.

"வசனம் முடிஞ்சிடுச்சு பிரதர். பவுல் முடிக்கல."

மற்றவனுக்குத் தீர்ப்பிடுகிறவனே, உனக்கும் சாக்கு இல்லை என்று இரண்டாம் அதிகாரம் ஆரம்பிக்கும் இடம்வரை போய்விட்டு உட்கார்ந்தாள். அந்தச் சபையில் எல்லாருக்கும் எல்லா வசனத்தின் விலாசமும் தெரியும். பக்கத்து வீட்டுக் கதவைத்தான் யாரும் தட்டியதில்லை. அவளும் அதுவரை தட்டியதில்லை.

(இங்கே அப்தியாஸ் மனம் மாறி அழுதார் என்று எழுதினேன். பொய். அடித்துவிட்டேன்.)

"அதையும் நான் படிச்சிருக்கேன் நோயெமி," என்றார் அப்தியாஸ். குரல் உயரவில்லை. "தீர்ப்பு சொல்லாதேன்னு இருக்கு. தப்பில்லேன்னு எங்க இருக்கு, காட்டு."

"சொல்லாதேன்னு இருக்குறத மட்டும் இன்னிக்கு செஞ்சா போதாதா?"

"எனக்கு அவன் மேல பாசம் இல்லேன்னா நெனைக்கிற? எனக்குப் புரிஞ்ச வேதத்த, அந்தப் பாசத்துக்காக நான் மாத்திச் சொன்னா, நாளைக்கு இங்க நின்னு எந்த வாயால பேசுவேன்?"

நோயெமி வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பதிலை நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்தியாஸ் முடிவாகச் சொன்னார்: எலிசேயோ குடும்பத்தாரோடு பெட்டிக்குப் பின்னால் நடக்கலாம். பாடகர் வரிசையில் இடம் இல்லை. அவனுக்கு இடம் விடுகிறவர்கள், யாராக இருந்தாலும், கடைசி பெஞ்சுக்குப் போக வேண்டும். 'யாராக இருந்தாலும்' என்றபோது அவர் மனைவியைப் பார்க்கவில்லை.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

எலிசேயோ வாசித்தான், சபையே கண்ணீர் வடித்தது. (வானொலி நாடகம்.)

எலிசேயோ மண் போட்டுவிட்டு, பேசாமல் பஸ் ஏறினான். (ஏற்கெனவே ஒருமுறை ஏறிவிட்டான், பாவம்.)

நோயெமி... (இதை எழுத ஆரம்பித்தபோது அவள், "நான் என்ன செஞ்சேன்னு எழுதாத. படிக்கிறவங்க என்னப் பாராட்டிட்டு, அவங்க பாட்டுக்குத் தூங்கப் போயிடுவாங்க," என்றாள். சரி என்றேன்.)

6

ஆகவே நீங்கள் வாருங்கள். வேடிக்கை பார்த்தது போதும், கிட்டாரை மாட்டிக்கொள்ளுங்கள்.

காலை. தூறல் விட்டிருக்கிறது. கோவில் வாசலில் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். நீங்கள் இரண்டாம் வரிசையில் நிற்கிறீர்கள். வரிசைக்கு நால்வர், உங்கள் வரிசையில் மூன்று பேர். நான்காவது ஆள் பெட்டிக்குள் இருக்கிறார். நாற்பது வருடம் சுனில்டா அம்மாள் நின்று வாசித்த இடம், உங்களுக்கும் நோயெமிக்கும் நடுவில், காலியாகக் கிடக்கிறது.

காலி இடத்தோடு எங்கள் குழு நடப்பதில்லை. ஒருவர் போனால் மற்றவர்கள் நெருங்கி நின்று மூடிவிட வேண்டும், அதுதான் முறை. வலது பக்கம் ஒவிதியோ உங்கள் முழங்கையை இடிக்கிறார். "நெருங்குங்க, நெருங்குங்க. பாட்டு ஆரம்பிக்கப் போகுது." இடது பக்கம் நோயெமி அசையவில்லை. கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நடைபாதையில், கை எட்டும் தூரத்தில், எலிசேயோ தாயின் மாண்டலினை ஒரு துண்டில் சுற்றிப் பிடித்திருக்கிறான். அவன் உங்களைப் பார்க்கவில்லை, கேட்கவும் மாட்டான். அவள் ஒருத்தி நகராமல் நின்றால் போதாது. நீங்கள் ஓரடி எடுத்து வைத்தால் இடம் மூடிவிடும்.

அப்தியாஸ் கையை உயர்த்துகிறார். நான் பேனாவை வைத்துவிட்டேன். நீங்கள் நெருங்கி நிற்கப்போகிறீர்களா?