பத்தில் ஒரு மீன்

குன்னத்துகாலில் எலியா மாமாவின் தொட்டிகளில் மீன்கள் சாகத் தொடங்கியபோது முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். எனக்கு ஊர் பாறசாலை. திருவனந்தபுரத்தில் மீன்களின் மரபணுவைச் சோதிக்கிற வேலை. மாமா வளர்ப்பது நெய்யாற்றில் அருகிப்போன ஒரு சின்ன மீன். அதைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்செடுத்தவர் எங்கள் பக்கத்தில் வேறு யாருமில்லை. அந்தத் தலைக்கனம் அவருக்கு உண்டு, இருக்கட்டும்.

செவுள் வெளுத்து, ஒரு தொட்டி முடிந்ததும் அடுத்த தொட்டி. நோய் புகுந்த தொட்டியில் ஒன்றுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சோதித்தபோது காரணம் தெரிந்தது. எல்லாமே அவர் முதலில் பிடித்து வந்த ஒரே ஜோடியின் வம்சம். ஒன்றைக் கொல்லும் நோய் அத்தனையையும் கொல்லும்.

ஆற்று மீனைக் கொண்டுவந்து சேர்த்தால் பிழைக்கும் என்று அவரைத் தேற்றினேன். காட்டாக்கடைக்கு மேலே ஆற்றில் ஆழமான ஒரு கயத்தில் அந்த மீன் இன்னும் கூட்டமாக உண்டு என்றார். எனக்கே தெம்பு வந்தது. வலை போட்டு, வால் துடுப்பில் துளி நறுக்கி எடுத்துக்கொண்டு மீன்களைத் திரும்ப விட்டேன்.

முடிவைப் பார்த்ததும் நம்பாமல் மறுபடி சோதித்தேன். மாற்றமில்லை. கயத்தில் இருந்ததெல்லாம் மாமாவின் ஜோடி பெற்ற வம்சம். ஆற்றின் சொந்த மீன் ஒன்றுகூட மிச்சமில்லை.

நேரே மாமாவிடம் போய்க் கேட்டேன். மனிதர் எதையும் மறைக்கவில்லை. வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்குக் கொடுக்கும் தசமபாகம் தவறாத குடும்பம். மீன்குஞ்சைக் காணிக்கைப் பையில் போட முடியுமா? அதனால் ஒவ்வொரு முறை குஞ்சு பொரித்ததும் பத்தில் ஒன்றை எடுத்துப்போய், ஜோடியைப் பிடித்த அதே கயத்தில் விட்டு, ஜெபித்துவிட்டு வருவாராம். வருடக்கணக்காக. எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"இனி விடாதீங்க மாமா."

"அது எனக்க மீனா? கர்த்தருக்கு உள்ளதாக்கும்."

கடைசியாக எப்போது விட்டார் என்று கேட்டேன்.

"நேத்து ஆராதனை முடிஞ்சு போனேன் மக்கா. சாவு விழாத தொட்டி ஒண்ணு பாக்கி உண்டுல்லா, அதுல உள்ளது."

அந்தத் தொட்டிக்கு ஓடினோம். ஏழெட்டு மீன்கள் ஒருக்களித்து மிதந்தன. மாமா ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"வா மக்கா, இப்பமே போய்த் திரும்பப் பிடிச்சிருவோம்," என்று வலையை எடுத்துக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார். ஆற்றில் விட்டதை இனிப் பிடிக்க முடியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.