வடக்கு வெளிச்சம்

ஐஸ் பெட்டிக்கு அடியில் சொட்டிய தண்ணீரை நிர்மலாதேவி துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவாசை மேஸ்திரி மாலையோடு வந்தார். அம்மாவின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். பிறகு, துக்க வீட்டில் பேசக் கூடாததைப் பேசினார்.

“பாப்பா, தம்பி சொன்னாப்புல கடை கூரைல அந்த ஓட்டைய பலகையால அடைச்சு கம்பி கட்டிட்டோம். நாளைக்கு காலைல காங்கிரீட் மிஷினு வருது. வரச் சொல்லட்டா?”

ஓட்டையாம்! ஆறு மாதம் அவள் வரைந்து வரைந்து அழித்த கடைக்கு உயிரே அதுதான்.

அம்மா அஞ்சலாட்சி, அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு நெல்லித்தோப்பில் வாடகைக்கு இடம் பிடித்து மேட்சிங் சென்டர் வைத்தவள். ரவிக்கைத் துணி வாங்க வருகிற எவளும் கடைக்குள் நின்று வாங்கமாட்டாள். புடவையையும் துணியையும் தெருவுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். “ட்யூப்லைட்டு புளுகும்டி” என்பாள் அம்மா.

சொந்த மனையில் கடை என்று முடிவானதும், இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரையும் நிர்மலா, அம்மா கையில் கத்திரிப்பூக் கலர் துணியைக் கொடுத்துக் காலி மனையில் நிற்க வைத்தாள். நேர் வெயிலில் நிறம் வெளுத்தது. புங்க மரத்தடியில் பச்சை ஏறியது. பக்கத்து மாடிவீட்டு நிழலில், வடக்கு வானத்தைப் பார்த்து நின்றபோதுதான், “இங்கதான்டி இது நெசமான கத்திரிப்பூ” என்றாள் அம்மா. அந்த இடத்துக்கு மேலே, வடக்கு பார்த்துச் சாய்ந்த கண்ணாடி வைக்கக் கூரையில் ஒரு திறப்பு வரைந்தாள். வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். புங்க மரத்தை வெட்டாமல் மேற்குச் சுவரையே இரண்டடி உள்ளே தள்ளினாள். சாயங்கால வெயிலை மரம் வாங்கிக்கொள்ளும், துணி வெளுக்காது.

அம்மாவோடு பத்து நாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நேரத்தில் தம்பி எழிலரசன் புகுந்து விளையாடிவிட்டான். வாசலில் பந்தல்காரனோடு நின்றவனைப் பிடித்தாள்.

“ஏன்டா அடைச்ச?”

“இப்பப் பேசற பேச்சாக்கா இது?”

“காங்கிரீட் போட்டப்பறம் எதப் பேசறது?”

“மழைல ஒழுவும்க்கா. நாலு ட்யூப்லைட்டு போட்டா போவுது.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தல்காரன் மட்டும் இல்லாவிட்டால் அறைந்திருப்பாள். மேஸ்திரியோ, “தம்பி சொல்லாம நான் பிரிக்க முடியாது பாப்பா” என்று நழுவினார்.

பன்னிரண்டு மணிக்குத் தாய்மாமன் சுப்பிரமணியன் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுவந்தார். அரக்குப் பட்டு. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுமங்கலிக்குப் புடவையோடு ரவிக்கைத் துணியும் வைக்க வேண்டும், மாமா மறந்துபோயிருந்தார். எழிலரசன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி, ஒரு கடையில் வாங்கி வந்தான். நிர்மலா அதை வாசலில் விரித்தாள். அரக்கு இல்லை. நாவல்பழம்.

“மேட்ச் ஆவல.”

“யாருக்கா பாக்கப் போறாங்க?”

“அம்மா பாக்கும்.”

புடவையைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள். இரண்டு தெரு தள்ளி வாடகைக் கடை. ஷட்டரைத் தூக்கியபோது எதிர்வீட்டு மணியம்மாள், “பொணத்த வச்சிக்கினு கடை தொறக்குது பாரு” என்று வாயில் கை வைத்தாள். அக்காவை இழுத்துப்போக வந்த எழிலரசனிடம் நிர்மலா புடவையை நீட்டினாள்.

“நீயே எடு.”

ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றை உருவினான். “இந்தா, அரக்கு.” தெருவுக்குக் கொண்டுவந்தால் செங்கல். அடுத்தது மாதுளை. அதற்கடுத்தது, உள்ளே சத்தியம் பண்ணலாம் போலிருந்தது, வெளியே காபிப்பொடி. ஆட்டோக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். நான்காவது துணி புடவையோடு சேர்ந்தது. எது துணி, எது புடவை என்று தெரியவில்லை. இருபது வருஷமாக ஒவ்வொரு துணிக்கும் இப்படிப் படியேறி இறங்கியவள் அம்மா. அதைப் பிடித்துக்கொண்டே எழிலரசன் நடுத்தெருவில் வாய்விட்டு அழுதான். அவளும்தான் அழுதாள். பிறகு துணியையும் புடவையையும் மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

மூன்று மணிக்கு அம்மாவை எடுத்தார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அஞ்சலாட்சியின் மகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு நேரே மனைக்குப் போனாள். தம்பி சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன! கட்டடத்தில் ஆள் இல்லை. சிமென்ட் மூட்டைமேல் கிடந்த குறடை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கட்டுக்கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஏழாவது கட்டில் விரல் கிழிந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு எட்டாவதை வெட்டினாள்.

ஏணி ஆடியது. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக எழிலரசன் ஏறி வந்தான். கொள்ளி வைத்தவன் நேராக வீட்டுக்குப் போய் விளக்கைப் பார்க்க வேண்டும். அவன் இங்கே வந்திருந்தான். அவள் விரலைப் பார்த்தான், குறடைப் பிடுங்கிக்கொண்டான்.

“எறங்கு. கீழ நின்னு பாத்துச் சொல்லு.”

முட்டுக்கம்புகளுக்கு நடுவே அவள் நின்றாள். மேலே கம்பிகள் முறியும் சத்தம். ஒரு பலகை கிரீச்சென்று நகர்ந்தது. வெளிச்சம் இறங்கியது.

“போதுமாக்கா?”

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இன்னும் ஒரு சாண். வடக்கால.”