முந்தானைத் துண்டு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. ஒரு சாண் துணி ஒரு தாயைப் படுத்திய பாட்டைச் சொல்லுதேன், கேளுங்க.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள் வெள்ளைத்தாய். மகள் பூங்கொடிக்குப் பேச்சு வராது. சிறப்புப் பள்ளியில் சத்யபிரியா டீச்சரின் முந்தானையைப் பிடித்தபடியேதான் இருப்பாள். விட்டால் சுவரில் தலையை முட்டுவாள். முன்பிருந்த டீச்சர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒவ்வொருவர் போனபோதும் பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது.

ஒருநாள் பிள்ளையின் பையில் டீச்சரின் நீலச் சேலை முந்தானைத் துண்டு கிடந்தது. வேலைக்குப் போனதும் வெள்ளைத்தாய் அதைத்தான் கேட்டாள்.

“ஏட்டி பானு, கட்டுத சேலைய யாராவது வெட்டுவாவளா?”

பக்கத்தில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த பானு நிமிரவே இல்லை. “பால் மறக்கடிக்க வேப்பெண்ணெ தடவுதோம்லா? அவிய துணியக் குடுத்து மறக்கடிக்காவ. கெளம்பப் போறாவ, பாத்துக்கோ.”

அதிலிருந்து எல்லாமே தப்பாகத் தெரிந்தது. பிள்ளையை ஏற்றப் பள்ளி வேன் வந்ததும், உள்ளிருந்த டீச்சர் கையை நீட்டாமல் துணியை நீட்டினார். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கென்று லீவு போட்டார். புது வேலைக்கு மெடிக்கல் டெஸ்டோ?

மறுநாள் வெள்ளைத்தாய் பள்ளிக்கூட ஜன்னலில் போய் நின்றாள். டீச்சர் பிள்ளையிடம் துணியைக் கொடுத்துவிட்டுப் பின்னோக்கியே வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

“எந்த ஊர்ல டீச்சர் வேல கெடச்சிருக்கு? எம்பிள்ளைக்குத் தெரியாம நழுவப் பாக்குதீங்களே!”

சத்யபிரியாவின் முகம் சுருங்கியது. “கக்கூசுக்குப் போகப் பாக்குதேன்க்கா. நான் போனா இவளப் பாத்துக்க மாத்தாளு இல்ல. சாயங்காலம் வரைக்கும் அடக்கணுமேன்னு தண்ணியே குடிக்கதில்ல. கிட்னில கல்லு. வேலைய விட்டுருங்கன்னு டாக்டர் சொல்லுதாரு.”

“விடப் போறீங்களா?”

“நான் போயிட்டு வார வரைக்கும் இவ துணியோட இருந்துட்டா வேலைய விடமாட்டேன்.”

வெள்ளைத்தாய் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “போயிட்டு வாங்க. நான் இருக்கேன்.”

சொல்லிவிட்டு, டீச்சரின் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சந்தேகம் அவ்வளவு லேசில் போகுமா?

பூங்கொடி வாசலையே பார்த்தாள். துணியை மூக்கில் வைத்து அழுத்தினாள். முட்டவில்லை. திரும்பி வந்த டீச்சர், மடியிலிருந்த பையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

வெள்ளைத்தாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “குடிங்க. மத்த அம்மாமார்ட்டயும் சொல்லுதேன். ஆளுக்கொரு நாள் வந்து இருக்கோம்.”

“குடிச்சா அடிக்கடி எந்திரிப்பேனேக்கா.”

“எந்திரிங்க. பைய மட்டும் இங்கன வச்சிட்டுப் போங்க.”

டீச்சர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

உங்க வீட்டுக் குடத்துலயும் தண்ணி வத்தாம இருக்கட்டும். உங்க வாசப்படி தாண்டிப் போறவிய எல்லாரும் பத்திரமாத் திரும்பி வரட்டும், எஞ்செல்லங்களா.