ஜாடிக்குள் வெள்ளை பனியன்

"அண்ணே, உன் மூஞ்சிதான் தெரியுது. அப்பா எங்க?"

குவைத்திலிருந்து வீடியோ காலில் சுப்ரியா கேட்டாள். விவேக் கைபேசியைக் கொஞ்சம் சாய்த்தான். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியிலிருந்து அவன் முகம் விலகி, அந்த இடத்துக்கு டியூப் லைட் வந்தது. அப்பாவின் நெற்றியிலிருந்து நாடிவரை ஒரு வெள்ளைக் கோடு.

"இப்ப?"

"இப்ப டியூப் லைட்டு. சீக்கிரம்ணே, பிரேக் முடியப்போவுது. வார்டுக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க."

சுப்ரியா அங்கே நர்ஸ். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. இங்கே சாயங்காலம் அடக்கம். சவப்பெட்டி வந்து, அப்பாவை இதிலிருந்து அதற்கு மாற்றும்போது அவள் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். அப்பாவைப் பார்ப்பதென்றால் இப்போதுதான், இந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

மூடியைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த ஆள் அதில் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சாவியோடு சாப்பிடப் போயிருந்தான். போனை எடுக்கவில்லை. காலையிலேயே விவேக் கேட்டிருந்தான், பூட்டு எதற்கு என்று. ஆளாளுக்குத் திறந்து பார்ப்பார்கள், குளிர் போய்விடும் என்றான் அவன். "ராஜ்தா எழுந்து கேரம் ஆடப் போயிருவார்னு பயம்" என்று மேல்வீட்டு மித்ரா காக்கு வங்காளத்தில் சொன்னார். அப்பா அவருக்கு ராஜ் அண்ணன், விவேக்குக்கு அவர் காக்கு, சித்தப்பா முறை. சொல்லிவிட்டு அவரே தூணுக்குப் பின்னால் போய் அழுதார்.

லேக் கார்டன்ஸில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில் அப்பா சூசைராஜ் கிடந்தார். பெட்டியை மூன்றாவது மாடிக்கு ஏற்ற முடியவில்லை. லிப்டில் நால்வர் நிற்கலாம், ஒருவர் படுக்க முடியாது.

கேவலம் என்னவென்றால், பளபளப்பை ஒழிப்பதுதான் விவேக்கின் பிழைப்பு. இணையத்தில் பீங்கான் சாமான் விற்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பான். கிளேஸ் பூசிப் பளபளக்கும் குடுவை, கோப்பை, ஊறுகாய் ஜாடி. அவன் தன்னை 'புராடக்ட் போட்டோகிராபர்' என்று சொல்லிக்கொள்வான். அப்பா சர்ச்சில் யாராவது கேட்டால், "மவன் பானையப் படம் புடிக்கான்" என்பார். ஜாடியைப் படம் எடுப்பது சுலபம். ஜாடிக்குள் ஜன்னல், விளக்கு, மின்விசிறி, எடுப்பவனின் தொப்பை எதுவும் தெரியாமல் எடுப்பதுதான் கஷ்டம். அதற்கு எதிரே கருப்புத் துணி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அப்பா ஓய்வு பெற்றிருந்தார். சம்பளம் கேட்க மாட்டார்.

கிதர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்பவன் கை காட்டினால் ஒரு இஞ்ச் நகர்த்தி, அப்படியே நிறுத்தத் தெரியும். விவேக்கும் கை காட்டுவான். அப்பா துணியோடு ஒரு இஞ்ச் நகர்வார்.

"வெளிச்சம் கேரம் காய் மாதிரில. கட்டையில எப்படிப் படுதோ அப்படித்தான் திரும்பும். நீ அது திரும்புத எடத்துல நிக்காத, அம்புட்டுதான்." இதை அவரே கண்டுபிடித்ததுபோல விவேக்குக்கு விளக்குவார்.

ஆனால் வீட்டில் எப்போதும் வெள்ளை பனியன். துணியைத் தாண்டிப் பிதுங்கிக்கொண்டு ஒவ்வொரு ஜாடியிலும் நிற்பார்.

"அப்பா, ஜாடிக்குள்ள இருக்கீங்க."

"ஒங்கம்மா என்னய வீட்டுக்குள்ளயே ஆளக் காணலங்கா. நீ ஜாடிக்குள்ள கண்டுபுடிச்சிட்ட." ஒரு இஞ்ச் நகர்வார். "ஏல, இப்ப நான் போயிட்டனா?"

"இன்னும் இல்ல. கொஞ்சம் தள்ளுங்க."

"இப்ப?"

"போயிட்டீங்கப்பா."

"அப்ப அடி."

இதற்காகவே கரியாஹாட் நடைபாதையில் பேரம் பேசி முழுக்கைக் கருப்புச் சட்டை ஒன்று வாங்கினார். இருந்ததிலேயே பெரிய அளவு. அம்மாவுக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. எழவு வீட்டுச் சட்டை என்றாள். தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா வந்தபோது, "என்னண்ணே, கட்சியில சேந்துட்டியளா, இல்ல மலைக்கு மால போட்டிருக்கியளா? சாமியாருக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா சட்டையை மாற்றவில்லை. "தொழில் யூனிபாரம்ல" என்றார்.

நேற்று காலை சட்டை துவைக்கப் போயிருந்தது. பச்சை ஜாடி ஒன்று. அப்பா பனியனோடு வந்து நின்றார். இடம் மாற்றி இடம் மாற்றி, கடைசியில் போனார். விவேக் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் "போயிட்டீங்க" என்றான். படம் நன்றாக வந்தது. அப்பா துணியை மடிக்காமல் கையில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சு என்னமோ பண்ணுது என்றார். ஆம்புலன்ஸில் அந்தத் துணியைத்தான் சுருட்டித் தலைக்கு வைத்தார்கள். அது ஆம்புலன்ஸோடு போய்விட்டது.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேன், இரு."

மித்ரா காக்கு டியூப் லைட் சுவிட்சின் மேல் கை வைத்து, "ஆலோ பந்த் கொர்போ?" என்றார். விவேக் தலையசைத்தான். விளக்கு அணைந்தது. இப்போது கண்ணாடியில் கேட் வந்தது. கேட்டுக்கு அப்பால் வெயில், மாமரம், ஒரு ரிக்‌ஷா. காக்கு ஓடிப்போய் கேட்டைச் சாத்தினார். இப்போது தலைமாட்டு மெழுகுதிரிகள் மட்டும், அப்பாவின் கன்னத்தில் இரண்டு மஞ்சள் பொட்டுகளாக.

"அம்மா, திரிய அணைச்சிட்டு..."

"அணைக்கிறதா?" பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அம்மா நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து அவள் குரல் இவ்வளவு உயர்ந்தது இப்போதுதான். "குருசுக்கு முன்னால எரியித திரிய அணைக்கணுமா? பானைக்காரனுவளோட சேந்து ஒனக்குப் புத்தி..."

"அணைக்க வேண்டாம். கால்மாட்டுக்கு, கீழ தரையில மாத்தி வச்சிக்கிடலாம்."

அம்மா யோசித்தாள். பிறகு அவளே எழுந்து, திரி அணையாமல் உள்ளங்கையால் மறைத்து, ஒவ்வொன்றாக மாற்றி வைத்தாள்.

விவேக் தோள்பையிலிருந்த கேமராவின் போலரைசர் கண்ணாடியைக் கழற்றி, கைபேசிக்கு முன்னால் பிடித்துத் திருகினான். சாய்வாகப் பார்த்தால் பளபளப்பு குறைந்தது. ஆனால் அந்தக் கோணத்தில் அப்பா என்றால் இரண்டு மூக்குத் துவாரங்கள்தான்.

"மூஞ்சிண்ணே. நேரா. மூஞ்சி."

நேராகப் பிடித்தால் கண்ணாடியில் மறுபடியும் விவேக். வெள்ளைச் சட்டை போட்ட விவேக், அப்பாவின் முகத்துக்கு மேல் தன் முகத்தை ஒட்டி வைத்ததுபோல. சர்ச்சுக்குப் போவதால் வெள்ளை போடச் சொன்னது அம்மாதான். அவன் அசைந்தால் கண்ணாடிக்குள்ளும் அசைந்தான். இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு பிடிவாதமான ஜாடியை அவன் பார்த்ததில்லை.

"ஒரே நிமிஷம், வச்சிராத" என்று கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினான். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. பின்பக்கக் கொடியில் கருப்புச் சட்டை காய்ந்து விறைப்பாகத் தொங்கியது. பக்கத்திலேயே ஒரு வெள்ளை பனியன். சட்டையை மட்டும் உருவிக்கொண்டு இறங்கினான்.

அம்மா சட்டையைப் பார்த்தாள். கைபேசியை அவனிடம் நீட்டினாள்.

அவன் அதைக் கண்ணாடிக்கு மேலே, தனக்கும் பெட்டிக்கும் நடுவில் விரித்தான். மார்பில் ஒரு பொத்தானைக் கழற்றி, அந்த இடைவெளியில் கைபேசியின் லென்ஸை நுழைத்தான். சட்டையின் ஒரு கையை மித்ரா காக்கு வந்து பிடித்துக்கொண்டார். இன்னொரு கை துவண்டு, கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"விடு" என்று அம்மா வந்து அதைப் பிடித்தாள். "கருப்பு வேண்டாம், கருப்பு வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." பிடித்து, இறுக்கி இழுத்தாள்.

விவேக் கை காட்டினான். அம்மா ஒரு இஞ்ச் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம். நிறுத்தினாள்.

"சுப்ரியா, இப்ப நான் போயிட்டனா?"

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவன் காதில் விழுந்தது. அம்மாவின் பிடியில் சட்டைக் கை ஒருமுறை அசைந்து நின்றது.

குவைத்தில் யாரோ தள்ளுவண்டி ஒன்றை உருட்டிப் போனார்கள்.

"ம். போயிட்டே" என்றாள் சுப்ரியா. "அப்பா மட்டும்தான் இருக்காரு."

பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நாடியில என்ன காயம்?"

"சேவ் பண்ணையில பட்டிருச்சு. நான்தான் பண்ணேன்."

"ஒனக்கு ஒழுங்காப் பண்ணத் தெரியாதே."

"தெரியாதுதான்."

"காதுகிட்டயும் விட்டிருக்க."

"ம்."

அதற்குப் பிறகு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விவேக்கின் தோள் கடுத்தது. மூச்சை வெளியே விடாமல் நின்றான், மெதுவான ஷட்டருக்கு நிற்பதுபோல. அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "வாரேம்பா" என்றாள் சுப்ரியா. அது கூப்பிட்டவர்களுக்கான பதில் இல்லை. திரை அணைந்தது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு பெட்டிக்காரன் வந்தான். வாயைத் துடைத்தபடியே சாவியை எடுத்தவன், இருட்டில் மூன்று பேர் ஒரு சட்டையைக் கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"விளக்கைப் போடவா?" என்று இந்தியில் கேட்டான்.

"தாக்" என்றார் காக்கு. இருக்கட்டும் என்று.

அம்மா தன் பக்கத்துச் சட்டைக் கையை விவேக்கிடம் கொடுத்தாள். குனிந்து, லென்ஸ் எட்டிப்பார்த்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.