முடிச்சு நிற்காத வீடு

ரக்ஷனா இரண்டாவது முறை கர்ப்பமானதிலிருந்து அவள் அருகில் எந்த முடிச்சும் நிற்கவில்லை. சிராங்கூன் சாலையில் பூக்காரி நாகம்மா முழம் போட்டுக் கொடுத்த மல்லிகைச் சரம், பேருந்து நிறுத்தம் வருவதற்குள் உதிரிப்பூவானது. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வாங்கிய கோப்பி, தோ பாயோவில் அவர்கள் குடியிருந்த புளோக்கின் மின்தூக்கியிலேயே கொட்டியது. தாலிக்கயிறு தானாக அவிழ்ந்து மடியில் விழுந்த அன்று மாமியார் கண்மணி சாப்பிடவில்லை.

முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவற்றுப் போயிருந்தது. தொப்புள்கொடியில் இறுகிய முடிச்சு. யார் தவறும் இல்லை என்றார் மருத்துவர். கண்மணி அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தொலைபேசியில், "மாசமா இருக்கையில இவ உட்கார்ந்து மாலை கட்டினா, அதான் கொடியிலயும் முடிச்சு விழுந்துச்சு. நான் வேணாம்னு சொன்னேன் லா," என்று யாரிடமோ சொன்னார். ரக்ஷனா அடுத்த அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த முறையும் எட்டாம் மாதம் வந்தது. வயிறு அசைகிறதா என்று கவனிப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. கண்மணி கோயிலிலிருந்து கறுப்புக் கயிறு கொண்டுவந்து அவள் மணிக்கட்டில் கட்டினார். விழுந்தது. மறுபடி கட்டினார். விழுந்தது. மூன்றாவது தடவை முடிச்சின்மேல் சூப்பர் குளூவைச் சொட்டினார். "இப்ப அவிழட்டும், பார்ப்போம்."

அவிழவில்லை. அன்று வீட்டில் எதுவுமே அவிழவில்லை. சாமி படத்து மாலை நின்றது, குப்பைப் பை கட்டியபடியே இருந்தது. கண்மணி சந்தோஷத்தில் கேசரி கிளறினார். சாயங்காலம் ரக்ஷனா கணவனிடம், "வருண், பிள்ளை உதைக்கல," என்றாள்.

"தூங்குதோ என்னவோ?"

"கயிறு கட்டினதிலேர்ந்து."

மூவரும் டாக்சியில் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். விரைவுச்சாலையில் ஏறியதும் ரக்ஷனா கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். தடுக்க நீண்ட கண்மணியின் கை பாதியில் நின்றது. முன்கண்ணாடியில் தொங்கிய சிவப்புச் சீன முடிச்சு மெல்ல நெகிழ்ந்து, ஒரே நீளக் கயிறாய் ஓட்டுநரின் மடியில் விழுந்தது. அப்போது பிள்ளை உதைத்தது.

அடுத்த மாதம் சிவானி பிறந்தாள். கட்டி அவிழ்த்த துணியில் இருப்பதுபோல, கொடியின் நடுவில் ஒரு சுருக்கத் தடம் இருந்தது. மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் கிளிப் போட்டு வெட்டினார். முதல் பிள்ளைக்கு ஏன் இப்படி அவிழவில்லை என்று ரக்ஷனா அழுதாள்.

பிள்ளை பிறந்த பிறகும் ரக்ஷனாவின் அருகில் முடிச்சு நிற்பதில்லை. பக்கத்து வீட்டு ஜரீனாவுக்கு இப்போது ஆறாம் மாதம். அவளும் ஒரு பிள்ளையை வயிற்றில் இழந்தவள். தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் வந்து ரக்ஷனாவின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்துகொள்கிறாள். எதற்கென்று அவள் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. கண்மணிதான் தேநீரோடு வந்து, "இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காரும்மா," என்கிறார்.