பூ அடைத்த ஒஸ்டின்

நாகலிங்கம் அண்ணன் எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். கொடகவெலயில் வாடகைக்கு ஓடிய அவருடைய பழைய ஒஸ்டின் காரில் ஏசி இருந்தது. இரத்தினபுரி மாணிக்கக்கல் முதலாளி ஒருவர் கொழும்பில் வாங்கிப் பூட்டியது. கார் கைமாறியபோது அதுவும் கூடவே வந்தது. பெட்ரோல் குடிக்கும் என்று அண்ணன் அதைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஒரு வியாழக்கிழமை என் கராஜுக்கு வந்து, "யேசுதாசா, நாளைக்குள்ள இந்த ஏசி வேல செய்யணும்" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாண்ணே, லொத்தர் விழுந்துருச்சா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரியில புஷ்பத்துக்கு துண்டு வெட்டி அனுப்புறாங்க. வீட்டுக்குக் கூட்டியாரணும்."

என் சிரிப்பு நின்றது. ஸ்டவ் வெடித்து, புஷ்பம் அண்ணியின் இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. புதுத்தோல் வந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

"வெக்க பட்டா துடிச்சுப் போறா. ஜன்னலத் தொறந்தா தூசு. தூசு படவே கூடாதுங்கிறாரு டொக்டர். நான் எப்படிடா கொண்டாருவேன்?" அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏசியைப் போட்டுப் பார்த்தேன். முதலில் கொஞ்சம் குளிர். பிறகு வெறும் சூட்டுக் காற்று. கேஸ் ஒழுகுகிறதோ என்று குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பெல்ட்டும் சரியாகத்தான் இருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோக நேரமில்லை. எரிச்சலில் காரின் முகப்புக் கிரிலையே கழற்றினேன்.

ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் காய்ந்த பூ! கைவிட்டு இழுக்க இழுக்க மாலை மாலையாக வந்தது. செவ்வந்தியும் நாரும் வேப்பிலையும் மெத்தை மாதிரி அமுங்கிக் காற்றை அடைத்திருந்தன.

"அண்ணே, இது காரா, கோயில் குப்பத் தொட்டியா? ஏத்தத்துல தண்ணி கொதிக்குது, கொதிக்குதுன்னு நீங்க அழுததும் இதாலதான்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் அண்ணி மாலை கட்டிக் கிரிலில் போடுவார். "பழசத் தெருவுல போட்டா மிதிப்பாங்க. ஆத்துல விடலாம்னு உள்ளுக்க சொருகி வைப்பேன். பொறகு மறந்துரும். அவ கட்டுனதுடா, எப்படி வீசுறது?"

அந்தக் கைகளை நினைத்ததும் எனக்கும் வீச மனம் வரவில்லை. பூவையெல்லாம் ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டேன். கண்டென்சரைத் தண்ணீர் அடித்துக் கழுவி, வளைந்திருந்த தகடுகளை நிமிர்த்தி ஓடவிட்டேன். குளிர்ந்தது. ஆனாலும் வழியில் மக்கர் பண்ணினால் என்ன செய்வது? மறுநாள் கராஜைப் பூட்டிவிட்டு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரி வாசலில் சிங்கள நர்ஸ் "பரிஸ்ஸமின், பரிஸ்ஸமின்" என்று பத்திரம் சொல்லிப் பதற, அண்ணியை மெதுவாக நடத்தி வந்தோம். துணி சுற்றிய கைகளோடு காரைப் பார்த்தவர் முதலில் கேட்டது, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா முன்னுக்கு ஏன் பூ இல்ல?"

முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நான் பெட்டியைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அண்ணி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னக்கூட வீசலையா நீங்க? இனி என்னால கட்ட முடியாதேங்க."

"நான் கட்டுறேன். நீ பக்கத்துல இருந்து சொல்லு."

"கட்டுங்க. கிரில்ல மட்டும் போட்டுறாதீங்க" என்றேன் நான்.

பெல்மதுளை தாண்டியதும் அண்ணியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அண்ணன் பதறிப்போனார். "வலிக்குதா புள்ள?"

"இல்லங்க. எரியல."

கொஞ்ச நேரத்தில் அண்ணி தூங்கிவிட்டார். ஸ்டவ் வெடித்த நாளிலிருந்து அவள் நிம்மதியாகக் கண் மூடியதே இல்லை என்று அண்ணன் என்னிடம் கிசுகிசுத்தார்.

வீட்டு வாசல் வந்தது. என்ஜினை நிறுத்தினால் குளிரும் நின்றுவிடும். அண்ணன் சாவியில் கை வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, எம்பிலிப்பிட்டிய ரோட்டில் காரை நேரே விட்டார். பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பூட்டிக் கிடந்த என் கராஜையும் தாண்டிப் போனோம்.